ஓராள் அகலம்

எண்பத்தேழாவது கன்றோடு அலீமாவின் எண்ணிக்கை நின்றது. அடுத்த கன்று நிற்கவேண்டிய இடத்தில் வெறும் மண் இருந்தது. அதற்கு அடுத்த இடத்திலும் மண். அவள் கணக்கெழுதும் கொப்பியை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். நான்கு நாட்களுக்கு முன்னர் முழத்துக்கு ஒன்றாக நட்ட கண்டல் கன்றுகளின் நடுவே, கடல்நீர்க் களப்பின் கரையிலிருந்து உள்நோக்கி ஒரு கோடு ஓடிக்கிடந்தது. ஓராள் நடக்கக்கூடிய அகலம். அதற்குமேல் ஒரு சாண்கூட இல்லை.

கழுதைகள் என்றுதான் முதலில் நினைத்தாள். கற்பிட்டி வீதி நெடுகிலும் திரிகிற கட்டாக்காலிக் கழுதைகள் வெயிலுக்குக் களப்புப் பக்கம் இறங்குவது வழக்கம். ஆனால் கழுதை என்றால் கடித்திருக்கும், மிதித்துக் குழப்பியிருக்கும். இங்கே பிடுங்கப்பட்ட கன்றுகள் கோட்டின் இடதுபுறமாக வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்தன. வேர்கள் எல்லாம் கரைப்பக்கம், இலைகள் எல்லாம் உள்பக்கம். ஒரு கன்றிலும் ஒரு இலைகூட முறியவில்லை. வேரில் பிடித்திருந்த மண்கூட உதிராமல் இருந்தது. யாரோ அவசரமே இல்லாமல், கன்றுகளின்மேல் கோபமும் இல்லாமல், வழியில் நின்றதற்காக மட்டும் அவற்றை எடுத்து ஒதுக்கி வைத்ததுபோல இருந்தது.

கோடு நேராகவும் இல்லை. பாதித் தூரத்தில் வில்லைப்போல ஒரு பக்கம் வளைந்து மறுபடி தன் வழிக்கு வந்தது. வளைந்த இடத்தில் சுற்றிப்போவதற்கு எதுவும் இல்லை. கல் இல்லை, குழி இல்லை, பட்ட மரத்தின் அடிக்கட்டைகூட இல்லை. பிறகு கோடு மூன்றாவது குளத்தின் உள்மூலை வரை போய், அங்கே சட்டென்று நின்றுவிட்டது.

அலீமா அருகே போய்ப் பார்க்க எண்ணி வரிசையைக் கடந்தாள். வழமைபோலக் கால் கணுக்கால்வரை சேற்றில் புதைந்தது. அடுத்த அடியைக் கோட்டின்மேல் வைத்தாள். அது புதையவில்லை. சீமெந்து போட்ட முற்றத்தைப்போல அந்த மண் அவளைத் தாங்கிக்கொண்டது. நீண்டகாலம் மிதிபட்டு மிதிபட்டு இறுகிய மண். நான்கு நாட்களுக்கு முன் அவளே அதே இடத்தில் முழங்கையளவு கையை விட்டுக் கன்று வைத்திருந்தாள். அவள் சட்டென்று காலை எடுத்துக்கொண்டாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆட்கள் இருக்கிற வீட்டுக்குள் குரல் கொடுக்காமல் நுழைந்துவிட்டதுபோன்ற ஒரு கூச்சம் மட்டும் இருந்தது.

அந்த இடம் முன்பு இறால் பண்ணை. ஐந்து குளங்கள். தொண்ணூறுகளில் யாரோ ஒரு கொழும்புக்காரர் வெட்டுவித்து, நாலைந்து வருடம் நன்றாக நடந்து, பிறகு இறாலுக்கு நோய் வந்து ஒரே பருவத்தில் எல்லாம் செத்துப்போக, அப்படியே விட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக அந்த மண்ணில் உப்புத்தான் பூத்தது. பண்ணைக்கு ஒரு பக்கம் கரைத்தீவு வீட்டுத்திட்டம். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து ஒரு பையோடு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் அங்கே இருந்தன. ஆறு வயதில் வாப்பாவின் தோளில் வந்திறங்கிய அலீமாவின் குடும்பமும் அவற்றில் ஒன்று. மறுபக்கம், அதே வருடங்களில் யுத்தத்துக்குப் பயந்து தோணியில் வந்து கரையோரமாகக் குடியேறிய பதினேழு கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்கள். இரண்டு பக்கத்தாருக்கும் களப்புத்தான் சோறு. இரண்டு பக்கத்தாரின் வலையிலும் மீன் குறைந்துகொண்டு வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நிறுவனம் திட்டம் ஒன்றோடு வந்தது. இரண்டு குடியிருப்பும் சேர்ந்து ஒரு குழு அமைத்துப் பண்ணைக் குளங்களில் கண்டல் நட்டு வளர்த்தால், அந்தக் கரையைப் பராமரிக்கும் உரிமை குழுவுக்கே எழுத்தில் கிடைக்கும். கன்றுகள் பிழைக்காவிட்டால் நிலம் மறுபடியும் வெளியாருக்குக் குத்தகைக்குப் போகும் என்று மாவட்டக் கச்சேரி அலுவலகப் பக்கம் பேச்சு இருந்தது. குழுவுக்கு உசனார் தலைவர். அறுபது வயது, இரண்டு தோணிகளுக்குச் சொந்தக்காரர், குரல் பெரிது. அலீமா செயலாளர். மறுபக்கத்திலிருந்து அருளப்பு உபதலைவர். பேச்சுக் குறைந்த மனிதர். அவர் மனைவி திரேசாவும் உறுப்பினர். நிறுவனத்தின் சார்பில் சிலாபத்திலிருந்து தர்சனா என்ற பெண் ஸ்கூட்டரில் வந்துபோனாள்.

முதல் வேலையாகத் தர்சனா செய்தது, பாடசாலை மண்டபத்தின் தரையில் எல்லாரையும் கொண்டு ஒரு படம் போடுவித்ததுதான். சோக்கட்டி, ஈர்க்கு, சிப்பி, கோலமாவு எல்லாம் கொண்டுவந்திருந்தாள். தோணி கட்டும் இடம், பெண்கள் நண்டு பிடிக்கும் இடம், விறகு முறிக்கும் இடம் என்று ஒவ்வொருவரும் தங்கள் இடத்தில் ஒரு சிப்பியை வைத்தார்கள். உச்சமுனைக்குப் படகு போகும் வாய்க்கால்கூட வந்துவிட்டது. பண்ணை இருந்த சதுரத்தில் மட்டும் யாரும் எதுவும் வைக்கவில்லை. "இங்க ஒண்டுமே இல்லையா?" என்று தர்சனா மூன்று தடவை கேட்டாள். ஒருவரும் பேசவில்லை. அலீமா அந்தப் படத்தைப் பெரிய தாளில் பிரதி செய்தபோது, அந்தச் சதுரத்துக்குள் நீலப் பேனையால் 'வெறும் நிலம்' என்று எழுதினாள்.

பிடுங்கப்பட்ட கன்றுகளை அன்று பின்னேரமே திரும்ப நட்டார்கள். மண் இறுகிக்கிடந்ததால் இரும்பு அலவாங்கு போட்டுக் குத்தவேண்டியிருந்தது. இரண்டாம் நாள் கோடு மறுபடி திறந்திருந்தது. அதே இடத்தில் தொடங்கி, அதே இடத்தில் வளைந்து, அதே மூலையில் முடிந்தது. கன்றுகள் மறுபடியும் இடதுபுறம், வேர் கரைப்பக்கம். மூன்றாம் தடவை நட்டு, சுற்றிவரக் கம்பு ஊன்றிப் பழைய வலையால் அடைத்தார்கள். வலை அறுபடவில்லை. கோடு வலைக்குக் கீழே நுழைந்து மறுபக்கம் வெளியே போயிருந்தது.

"இது மனுசன்ட வேலதான்," என்றார் உசனார். "எந்த மனுசன் எண்டும் எனக்குத் தெரியும்."

அவர் யாரைச் சொல்கிறார் என்று அலீமாவுக்கும் தெரியும். கன்று நடுவதற்கு முன்னர் அருளப்பு ஒரு கூட்டத்தில் எழுந்து, மூன்றாவது குளத்துக்குள் நடவேண்டாம், அதை விட்டுவிட்டு மற்ற நாலிலும் நடலாம் என்று சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு ஒழுங்கான பதில் இல்லை. தோணி இழுக்க வசதி என்றார். அந்தக் குளத்தருகே அவர்கள் யாரும் தோணி இழுப்பதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். கை உயர்த்தி வாக்கெடுத்தபோது அவருக்காகக் கை உயர்த்தியது திரேசாவும் இன்னும் இரண்டு பேரும்தான். அலீமா எதிராகவே உயர்த்தினாள்.

நான்காம் தடவை நட்டுக் காவல் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போகிற நேரத்தில் காவல் இல்லாமல் போகும் என்பதால், அலீமாவும் தர்சனாவும் அணைக்கட்டில் இருப்பதென்று முடிவாயிற்று. பட்டப்பகல். களப்பு ஈயத்தகடுபோல அசையாமல் கிடந்தது. தூரத்தில் காற்றாடிக் கோபுரங்களின் இறக்கைகள் நின்றுபோயிருந்தன. ஒரு கொக்குக்கூட இல்லை. இருவரும் ஒரே குடையின்கீழ், கண்ணை எடுக்காமல் இருந்தார்கள். பேச்சுக்கூட அதிகம் இல்லை. பன்னிரண்டு பத்துக்குத் தர்சனா போனில் ஒரு படம் எடுத்தாள். அறிக்கைக்கு வேண்டும் என்றாள். பள்ளிவாசலிலிருந்து குத்பாப் பிரசங்கம் ஒலிபெருக்கியில் விட்டு விட்டுக் கேட்டது.

எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. தர்சனா மெதுவாக, "அக்கா," என்றாள். "நாங்க அதுக்குள்ள நட்டது தானே?"

அலீமா பார்த்தாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கோடு திறந்து கிடந்தது. எப்போது திறந்தது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. எதுவும் அசையவில்லை, ஒரு சத்தமும் இல்லை. பிறகு நினைத்தபோது, அது முதலிலிருந்தே திறந்துதான் கிடந்தது என்றும், தான் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள் என்றும் தோன்றியது. தர்சனா போனைத் திறந்து பன்னிரண்டு பத்துப் படத்தைக் காட்டினாள். படத்தில் கன்றுகள் வரிசை குலையாமல் நின்றன. இப்போது நேரம் பன்னிரண்டு நாற்பது.

"இத அறிக்கையில என்னண்டு எழுதுறது?" என்று தர்சனா கேட்டாள். அவள் உதடு காய்ந்திருந்தது. இருவரும் எழுந்து, சொல்லிவைத்ததுபோல, அந்தக் குளத்துக்கு முதுகைக் காட்டாமல் அணைக்கட்டின் வழியே பக்கவாட்டில் நடந்து வீதிக்கு வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு அவசரக் கூட்டம். பாடசாலை மண்டபத்தில் வழக்கமாகக் கலந்து உட்காருகிறவர்கள் அன்று இரண்டு பக்கமாகக் கதிரைகளைப் போட்டுக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை நடந்ததை அலீமா உசனாரிடம் சொல்லியிருந்தாள். அவர் கேட்டுவிட்டு, "வெயில் தலைக்கு ஏறினா கண்ணும் பொய் சொல்லும் தங்கச்சி," என்று முடித்துவிட்டார். படத்தைக் காட்டியபோது போனைத் திருப்பிக் கொடுத்தார்.

கூட்டம் தொடங்கியதும் அவர் சுற்றிவளைக்கவில்லை. "அருளப்பு, எங்களுக்குள்ள ஒளிப்பு வேணாம். மூணாங் குளத்த விடச் சொன்னது நீங்க. விடாம நட்ட அந்தக் குளத்துல மட்டும் கண்டு நிக்குதில்ல. நாளைக்கு நான் பொலிசுக்குப் போனா அவங்க முதல்ல வாறது உங்கட வீட்டுக்கு."

தமிழ்ப் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். "முப்பத்தஞ்சு வருசமா ஒரே தண்ணியில தொழில் செய்யிறம், இப்ப கள்ளரோ நாங்கள்?" என்று ஒருவர் கத்தினார். இந்தப் பக்கத்திலிருந்து யாரோ, "கரையப் பிடிச்சுக்கொள்ளுறதுக்கு வேல பாக்கிறாங்க," என்றார். அப்படி ஒரு வார்த்தை இந்த மண்டபத்தில் இதுவரை சொல்லப்பட்டதில்லை. தர்சனா இரண்டு கையையும் தூக்கியபடி நடுவில் நின்றாள். அவளை யாரும் பார்க்கவில்லை.

அருளப்பு குனிந்தபடி இருந்தார். பக்கத்தில் திரேசா எழுந்தபோது அவர் அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்தார். "பேசாம இரு," என்று மெல்லச் சொன்னார்.

"இனி ஏலாது," என்றாள் திரேசா. பிறகு உசனாரைப் பார்த்து, "அவர் ஒண்டும் செய்யேல்லை. அது கிணத்துக்குப் போற பாதை," என்றாள்.

"எந்தக் கிணறு?"

"நாங்கள் தூர்த்த கிணறு."

திரேசா உட்காராமலேயே சொன்னாள்.

"தொண்ணூறில நாங்கள் வந்து இறங்கேக்க எனக்குப் பத்தொன்பது வயசு. அப்ப கரையில ஆறு வீடு இருந்தது. ஓலை வீடு. தமிழும் கதைப்பினம், சிங்களமும் கதைப்பினம். நீங்கள் ஆரெண்டு கேட்டா, இந்தக் கரை ஆக்கள் எண்டு சொல்லுவினம், அவ்வளவுதான். முதல் நாள் எங்களுக்குத் தண்ணி தந்தது அவைதான். நல்ல தண்ணி. இந்தக் களப்பு முழுக்க உப்பு, அந்த ஒரு கிணறு மட்டும் இளநி மாதிரி. இரண்டு வருசத்தால பண்ணைக்கு நிலம் அளக்க வந்தாங்கள். அவையிட்டக் காணி உறுதிப் பத்திரம் இல்லை. ஒருநாள் லொறி ஒண்டு வந்து நிண்டது. சாமானை ஏத்தினவை, பிள்ளையளை ஏத்தினவை. போயிட்டினம். அடுத்த கிழமை பண்ணையில கூலிக்கு ஆள் எடுத்தாங்கள். எங்களுக்கு வேற தொழில் இல்லை. நானும் இவரும்தான் கூடையில மண் சுமந்து அந்தக் கிணத்தைத் தூர்த்தனாங்கள்."

அவள் சற்று நிறுத்தினாள். "அவை கரையில இருந்து கிணத்துக்கு ஒரு வழியால நடப்பினம். அந்த வழிதான் இது. நடுவில ஒரு பூவரசு நிண்டது, அதைச் சுத்திப் போவினம். ஊருக்குள்ள கண்டு பிடுங்கின கதை கேட்ட உடனை எனக்கு விளங்கிட்டுது. நான் அந்தப் பக்கம் போகேல்லை. போய்ப் பாக்கப் பயம்."

கோடு வெறும் மண்ணைச் சுற்றி வளைந்து போவதை அலீமா யாரிடமும் சொல்லவில்லை. தன் கொப்பியிலும் எழுதவில்லை.

"படம் கீறின அண்டு ஏன் சொல்லல்ல திரேசாக்கா?" என்று கேட்டாள்.

"என்னெண்டு சொல்லுறது பிள்ளை? தண்ணி தந்த ஆக்களிட கிணத்தை மூடிப்போட்டு நாங்கள் இருக்கிறம் எண்டா? மிஸ் மூண்டு தரம் கேட்டவ. மூண்டு தரமும் நான் வாயைத் திறந்தனான்." அவள் கதிரையில் இருந்துவிட்டாள். அருளப்பு அவளுடைய தலைப்பை இன்னும் விடவில்லை.

உசனார் கேட்டார். அவருடைய பெரிய குரல் எங்கோ போயிருந்தது. "அந்த ஆக்கள் மௌத்தாகிட்டாங்களா?"

"தெரியாது. எங்கயாவது இருப்பினம். சின்னப் பிள்ளையள் எல்லாம் இருந்தது. இப்ப அலீமாட வயசு இருக்கும்."

"செத்தாக்கள் எண்டா ஓதி விடலாம்," என்றார் உசனார். "உசிரோட இரிக்கிற ஆக்களுக்கு என்னத்த ஓதுற?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அலீமாவுக்கு அப்போது உம்மாவின் நினைவு வந்தது. வீட்டுத்திட்டத்துக்கு முன் அகதி முகாமில் இருந்த வருடங்களில் உம்மா விடிந்து எழும்போதெல்லாம் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். 'ராவெல்லாம் நடந்த மாதிரி கால் உளையுது' என்பாள். பகலில் அந்த ஓலைக் கொட்டிலுக்குள் அவள் நடப்பதற்கு இடமே இல்லை. குழாயடிக்கு இருபது அடி, அவ்வளவுதான். புத்தளம் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், குளிசை கொடுத்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. சாகும்வரை உம்மாவுக்குக் கால் உளைந்தது. மன்னாரில் விட்டுவந்த எருக்கலம்பிட்டி வீட்டில் அடுப்படிக்கும் கிணற்றுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று அலீமாவுக்கு ஞாபகமில்லை. அந்த வளவில் இப்போது யார் இருக்கிறார்கள் என்றும் தெரியாது. அங்கே யாராவது கீரைப் பாத்தி போட்டு, விடிய எழுந்து பார்த்தால், நடுவில் ஒரு கோடு மட்டும் முளைக்காமல் கிடந்திருக்குமோ? அவர்கள் அதைக் கோழிகள் என்று நினைத்திருப்பார்களோ?

பின்னேரம் நான்கு மணிக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் மூன்றாவது குளத்துக்குப் போனார்கள். முப்பது வருடத்துக்கு மேலாக அந்தப் பக்கம் கால் வைக்காத திரேசா, அணைக்கட்டிலிருந்து இறங்கி, கோட்டின்மேல் நடக்காமல் சேற்றில் கால் புதையப் புதைய அதன் ஓரமாகவே நடந்தாள். மற்றவர்களும் அப்படியே நடந்தார்கள். அப்படி நடக்கும்படி யாரும் சொல்லவில்லை. கோடு முடிந்த மூலையில் அவள் நின்று கையைக் காட்டினாள். அருளப்பு மண்வெட்டியை வாங்கி வெட்டத் தொடங்கினார். உசனார் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டி, இன்னொரு மண்வெட்டியை எடுத்தார். இருவரும் ஒன்றும் பேசாமல் மாறி மாறி வெட்டினார்கள். முழங்கையாழத்தில் இரும்பு கொங்கிறீட்டில் பட்ட சத்தம் கேட்டது. சுற்றிவர மண்ணை ஒதுக்கியபோது கிணற்று வளையத்தின் விளிம்பு வட்டமாக வந்தது. ஒரு பக்கம் கயிறு உராய்ந்து உராய்ந்து விழுந்த பள்ளங்கள் அப்படியே இருந்தன. கோடு வந்து சேர்ந்தது சரியாக அந்தப் பள்ளங்களுக்கு நேரே.

உசனார் மண்வெட்டியைப் போட்டார். "போதும்," என்றார்.

குந்தியிருந்து அந்தப் பள்ளம் ஒன்றில் விரலை வைத்துப் பார்த்தபடி, யாரையும் பார்க்காமல் சொன்னார். "சண்ட நிண்டு மன்னார் ரோட்டுத் திறந்த நேரம் நான் ஊருக்குப் போனேன். ஒருத்தருக்கும் சொல்லல்ல. எங்கட வளவுக்கு முன்னால மதில் கட்டியிருந்தாங்க. உள்ளுக்கு இருந்த புள்ள ஒண்டு யார் வேணும் எண்டு கேட்டுச்சு. நான் தண்ணி கேட்டேன். குடிச்சிட்டு வந்திட்டேன்."

அங்கேயே, நின்றபடியே வாக்கெடுத்தார்கள். அந்த வழியை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் நடுவது. குறுக்கே கன்றும் இல்லை, வலையும் இல்லை, தோணியும் இழுப்பதில்லை. கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. அருளப்புதான் கடைசியாக உயர்த்தினார். உயர்த்திய கையை, எண்ணி முடித்த பிறகும் அவர் சற்று நேரம் இறக்கவில்லை. கிணற்றைத் திறப்பதா மூடுவதா என்று ஒரு பேச்சு வந்து, முடிவில்லாமல் நின்றது. விளிம்பு மட்டும் வெளியே தெரிய அப்படியே விட்டார்கள்.

அடுத்த கிழமை தர்சனா பெரிய தாளைக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள். அவள் வரமாட்டாள் என்று அலீமா நினைத்திருந்தாள். முகத்தில் தூக்கமில்லாத களைப்பு இருந்தது, ஆனால் வந்திருந்தாள். அலீமா 'வெறும் நிலம்' என்பதை வெட்டிவிட்டு, கரையிலிருந்து உள்மூலைவரை ஒரு கோடு கீறினாள். வளைவையும் மறக்காமல் போட்டாள். 'பாதை' என்று எழுதினாள். நிறுவனத்தின் படிவத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே 'பயன்படுத்துவோர்' என்றொரு கட்டம் இருந்தது.

"இதுக்கு யாரெண்டு போடுறது?" என்றாள் தர்சனா. "வெறுமையா விட்டா மேலிடத்தில திருப்பி அனுப்புவாங்க."

அலீமா பேனையை வாங்கிச் சற்று யோசித்துவிட்டு, அந்தக் கட்டத்துக்குள் 'உண்டு' என்று மட்டும் எழுதினாள். படிவம் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு கன்றுகூடப் பிடுங்கப்படவில்லை. மாரி மழைக்குக் களப்பு ஏறி, மூன்றாவது குளத்துக்குள் முதன்முதலாகத் தானாகவே தண்ணீர் வந்தது. நண்டுக்குஞ்சுகள் வேரடியில் தெரிந்தன. மற்றக் குளங்களைவிட அந்தக் குளத்தின் கன்றுகள்தான் செழிப்பாக வந்தன என்று தர்சனா அறிக்கையில் எழுதினாள், காரணம் எழுதவில்லை. மண்டபத்தில் கதிரைகள் மறுபடி கலந்துபோயின. கரையைப் பராமரிக்கும் உரிமைக் கடிதம் இன்னும் வரவில்லை. வரும் என்று உசனார் ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னார். திரேசா ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் போகும் வழியில் அணைக்கட்டில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போவாள். வேறொன்றும் செய்வதில்லை.

பங்குனியில் ஒருநாள் காலை, பத்து மணி இருக்கும், அலீமா மூன்று மாதக் கணக்கெடுப்புக்காக மூன்றாவது குளத்தில் இறங்கினாள். கன்றுகள் இப்போது இடுப்பளவு. இலைகள் நெருங்கி நின்றதால் வரிசைக்குள் போவது சிரமமாக இருந்தது. அன்று முதல்தடவையாக அவள் அந்த வழியின்மேல் ஏறி நடந்தாள். "கொஞ்சம் எண்ணிப்போட்டுப் போறன்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். தனக்குள்தான் என்று நினைத்தாள், ஆனால் வாய்விட்டே சொல்லியிருந்தாள். மண் காலுக்குக் கீழே இறுகி, இளஞ்சூடாக இருந்தது.

வளைவைத் தாண்டியபோது அவள் நின்றாள். காற்று இல்லை. எதிரே, கிணற்றுப் பக்கத்திலிருந்து, யாரோ வருகிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லமுடியாது. ஒடுங்கிய ஒழுங்கையில் எதிரே ஆள் வந்தால் உடம்பு தானாகவே தோளைச் சரிக்குமே, அவளுடைய தோள் அப்படிச் சரிந்தது. இடுப்பிலே பாரத்தோடு வருகிறவர்களுக்கு வழிவிடுவதுபோல அவள் பக்கவாட்டில் இறங்கி, கணுக்கால் புதையச் சேற்றில் நின்று, கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஓடவேண்டும் என்று தோன்றவில்லை. மூச்சை மட்டும் சத்தமில்லாமல் விட்டாள்.

இரண்டு பக்கத்து இலைகளும் ஒவ்வொன்றாக விலகி, ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. இறுகிய மண்ணில் ஒரு ஈரத்துளி விழுந்தது. ஒரு அடி தள்ளி இன்னொன்று. பிறகு அவளுடைய முழங்காலுக்கு நேரே ஒன்று. நிறைந்த குடத்திலிருந்து நடையின் ஆட்டத்துக்குத் ததும்பி விழுகிற துளிகள். அவை அவளைக் கடந்து, வளைவைச் சுற்றி, கரையை நோக்கிப் போயின. வெயிலில் முதல் துளி காயத் தொடங்கியிருந்தது.

தண்ணீருக்கு யாரும் தனியாகப் போவதில்லை. பின்னால் இன்னும் ஆட்கள் வரக்கூடும் என்பதால், அலீமா சேற்றிலிருந்து காலை எடுக்காமல் நின்றாள்.